இப்ப அங்க என்ன வாசம்?

புளி கொதிக்கிறது என்று காது சொன்னது. மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆறுமுகநயினார் அடுக்களை வாசலை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவிழ்த்து வைத்தால் மட்டும் கேள்வி போய்விடுமா என்ன. நிமிர்த்தினால் அங்கேதான் இருக்கும், காலையில் பார்த்த அதே இடத்தில், அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே. ஆவுடைச்செல்வி. அம்பாசமுத்திரத்துப் பக்கம். முகம் தெரியாது; போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ. ‘ஐயா, வணக்கம். ஆபரேஷனுக்குப் பிறகும் உங்களுக்கு வாசனை தெரிகிறது என்று ஐப்பசியில் இந்தக் குழுவில் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா ஐயா? என் அப்பாவுக்குக் குரல்வளையை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடுக்காவிட்டால் மூச்சு அடைத்துவிடும், சித்திரை தாண்டாது என்கிறார்கள். நாளைக் காலையில் அட்மிட் ஆக வேண்டும். அப்பா மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். குரல் போனால் போகட்டும், மூக்கு போனால் நான் எதுக்கு என்கிறார். அப்பா கல்யாணச் சமையல்காரர். குற்றாலம் என்று பெயர். இலையில் படைக்கும் முன்னால் எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். ஆவியை மோந்தே உப்புக் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். டாக்டர் சொன்னதும் ஏறவில்லை, நான் வாசித்துக் காட்டியதும் ஏறவில்லை. பட்ட ஆள் ஒருத்தர் சொல்லட்டும், அப்போது வருகிறேன் என்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் ஐயா.’ ஒரு வார்த்தை. தட்டினால் ஒரு நிமிஷம் ஆகாது. ஐப்பசியில் ஒரு பக்கம் தட்டவில்லையா, யாரும் கேட்காமலே.

யாரும் கேட்காமலே செய்ததுதான் தப்பு. கேட்டாலே பேசாத மனுஷன். கண்டக்டர் வேலை பார்த்த காலத்திலேயே, எல்லாக் கண்டக்டரும் ஊர்ப் பேரைத் தெருவே கேட்கக் கூவும்போது, இவர் விசிலை வைத்துக்கொண்டே காலத்தைத் தள்ளியவர். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ, மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன பேச்சு வேண்டியிருக்கிறது. இப்போது விசிலும் இல்லை. கழுத்தில் நடுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம், அதன் மேல் மனைவி பிரமு தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணி, மூச்சு அந்த வழியே வந்து அந்த வழியே போகிறது. வாயும் மூக்கும் முகத்தில் சும்மா இருக்கின்றன, ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டு ஜன்னல் மாதிரி. வீட்டில் சிலேட்டு, வெளியே சைகை. பேச ஒரு கருவி இருக்கிறது, சின்ன டார்ச் லைட் போல. கழுத்தில் வைத்து அழுத்தி வாயசைத்தால் பேச்சு வரும். மாவு மில்லுக்குள் ஒருவன் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி வரும். மருந்துக் கடையில் ஒரு தடவை அதை வைத்துப் பேசினார். ஒரு பிள்ளை வீரிட்டு அழுது அதன் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அன்றைக்குப் பீரோவுக்குள் போனது அந்தக் கருவி. அதனால்தான் இந்தக் குழு பிடித்தது. ‘மறுகுரல்’ என்று பெயர், துவாரக்காரர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லிக்கொள்கிற இடம். சத்தம் இல்லை. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்புப் படிப்புக்கு எழுத்துக் கூட்டி எழுத நேரம் கிடைக்கிறது.

ஆனால் அதிலும் ஒரு ஜெரால்டு. தூத்துக்குடிக்காரர், குழுவை நடத்துகிறவர். அவருக்குத் துவாரம் கிடையாது, தம்பிக்கு இருந்தது. தம்பி இப்போது இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் தன் அனுபவம் என்று சொல்லி ஏதோ பச்சிலையைத் துவாரத்தைச் சுற்றிப் பற்றுப் போடச் சொல்ல, அவன் போட, சீழ் பிடித்து முடிந்த கதை. அதிலிருந்து ஜெரால்டு ஒரு சட்டம் வைத்திருக்கிறார். பதில் எழுதுகிறவர் முதல் வரியில் ‘பட்டது’ அல்லது ‘படித்தது’ என்று போட வேண்டும். படித்தது என்றால் எங்கே படித்தது என்று லிங்க் கொடுக்க வேண்டும். பட்டது என்றால் யார் உடம்பில் பட்டது என்று சொல்ல வேண்டும். மச்சான் உடம்பு, பக்கத்து வீட்டுக்காரர் உடம்பு எல்லாம் செல்லாது. நயினாருக்கு அந்தச் சட்டம் பிடித்துத்தான் இருந்தது. டிக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது என்கிற மாதிரி அதில் ஒரு நேர்மை இருந்தது. ஐப்பசியில் அதைப் பார்த்துத்தான் எழுதினார்: ‘பட்டது. என் உடம்பு. இன்று காலை எனக்குப் பெருங்காய வாசம் தெரிந்தது.’ அன்றைக்கு மழை. பிரமு தாளித்துக்கொண்டிருந்தாள். இவர் இதே நாற்காலியில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருந்தபோது அது வந்தது, யாரோ தோளைத் தொட்ட மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ரசத்தில் பெருங்காயமே போடவில்லை என்று அவளோடு சிலேட்டில் சண்டை போட்டவர். அவள் டப்பாவைத் திறந்து மூக்கடியில் நீட்டினாள். ஒன்றும் இல்லை. சுண்ணாம்புப் பொடியை மோந்த மாதிரி. அன்றைக்குத்தான் தெரிந்தது குரலோடு இன்னொன்றும் போயிருக்கிறது என்று. அதை யாரும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் இவரும் மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பாரோ.

அந்தப் பதிவுக்குக் கீழே ஜெரால்டு ஒரே ஒரு வரி கேட்டார். ‘கடுகு வெடித்த சத்தம் காதில் விழுந்ததா?’ கூடவே ஒரு லிங்க்: மூச்சு மூக்கு வழியே போகாததால் வாசனை தெரியாது, தெரிவதாகத் தோன்றுவது பல சமயம் ஞாபகம். கடுகு வெடித்தது. காதில் விழுந்தது. நயினார் பதில் எழுதவில்லை. அதிலிருந்து உள்ளே ஒரு முள். அதற்கப்புறமும் வந்ததே, கோயில் மண்டபத்தில் கதாகாலட்சேபம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் ஒரே கதையை இழுத்துக்கொண்டே போனபோது, கற்பூரம் வந்ததே. ஆனால் தட்டில் கற்பூரம் எரிவதைக் கண் பார்த்ததே. மத்தியான வெயிலில் தென்காசி பஸ்ஸில் கண் சொருகச் சொருக உட்கார்ந்திருந்தபோது முன் சீட்டுப் பெண்ணின் பிச்சிப்பூ வந்ததே. அதையும் கண் பார்த்ததே. எங்கே போனாலும் கண்ணோ காதோ முந்திப் போய் சீட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறது, பின்னாலேயே மூக்கு வந்து நானும் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்கிறது. இதை எப்படிப் பட்டது என்று சொல்ல. பட்டது என்றால் மெய்யாகவே பட்டிருக்க வேண்டுமே. பட்டதாக நினைத்ததும் பட்டதுதானா. ‘ஆமாம்’ என்று எழுதிவிட்டால் அந்த மனுஷன் போய்ப் படுத்துவிடுவார். கத்தி வைப்பார்கள். எழுந்து வீட்டுக்கு வந்து, மகள் நீட்டுகிற சாம்பார் கரண்டியை மோந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒவ்வொரு நாளும் விடியும்போது, பாளையங்கோட்டையில் ஒருத்தன் எழுதினான் என்று நினைப்பார். உயிரோடு இருந்து நினைப்பார். சரி, ‘இல்லை’ என்று எழுதினால். நினைக்க ஆளே இருக்காது. மூச்சு அடைக்கிறது எப்படி என்று நயினாருக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி தூங்கினாரே. அதுதான் பட்டது. அதில் சந்தேகம் கிடையாது. அப்படியானால் ஆமாம் என்று எழுது. ஒரு பொய் எழுது. பொய்யா அது? பாதிப் பொய். பாதி டிக்கெட்டுக்கு ஒரு ஆள் ஏற முடியுமா.

“என்ன, போன மடியில வச்சிக்கிட்டே முட்டை போடுதியளா?” என்றாள் பிரமு. கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். “அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதியாச்சா?” காலையிலேயே அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டிருந்தாள். நயினார் சிலேட்டை எடுத்து எழுதினார்: ‘சோதனை பண்ணணும். கண்ணை மூடிக்கிடுதேன். ஒண்ணொண்ணா கொண்டா.’ “கோட்டி பிடிச்சிட்டு உங்களுக்கு” என்றாள்; ஆனால் துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினாள், காதில் பஞ்சையும் வைத்தாள். ஏதோ ஒன்று மூக்கடிக்கு வந்தது. இவர் உறிஞ்சப் பார்த்தார், பழக்க தோஷம், துவாரத் துணிதான் உள்ளே இழுபட்டது. ஒன்றும் இல்லை. எலுமிச்சை என்று தட்டுத் தடுமாறி எழுதினார். காப்பிப் பொடியாம். அடுத்தது. ஒன்றும் இல்லை. சூடன் என்று எழுதினார். எலுமிச்சையாம். “முன்னால சொல்லியிருந்தா இது பாஸு” என்று அவள் காதருகே கத்தினாள். அடுத்தது. அடுத்தது. விபூதிக்கும் சீயக்காய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. கடைசியில் அவளே சலித்துப்போய், “அடுப்புல குழம்பு கிடக்கு, நீங்க பாட்டுக்கு இருங்க” என்று போய்விட்டாள். கட்டை அவிழ்க்கவும் தோன்றவில்லை. இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். ஆக ஜெரால்டு சொன்னதுதான் சரி. எல்லாம் ஞாபகம். ஐப்பசியில் வந்தது ஐப்பசி இல்லை, அதற்கு முந்தின எத்தனையோ வருஷத்துத் தாளிப்பு. ஞாபகத்தைப் போய் அனுபவம் என்று ஊருக்கு எழுதி, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவன் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறான். இல்லை என்று எழுதிவிட வேண்டியதுதான். எழுதினால் அந்தப் பெண் என்ன செய்யும். செம்பருத்திப் பூ. ராத்திரி முழுக்க இருமித் தூங்காதது இப்போது கண்ணை இழுத்தது. பஞ்சு வைத்த காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம், தூரத்தில் லாரி ஏற்றத்தில் முக்குகிற மாதிரி. தாடை கீழே இறங்கியது, உதடு மூடியபடியே, மெள்ள, மெள்ள.

கருவாடு.

நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கருவாடா. சைவ வீட்டு நடுக்கூடத்தில் கருவாடா. யாருக்கு ஞாபகம் வரும் அது. ஆசைப்பட்டவனுக்கல்லவா ஞாபகம் வரும். கீழ்வீட்டில் குடியிருக்கிற மரியதாஸ் வீட்டாரோடு பிரமு சண்டை போட்டதே இதற்காகத்தான். அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கத் தொடங்கியே வருஷம் ஆகிறது. கண் கட்டியிருக்கிறது. காதில் பஞ்சு. முந்திப் போய் சீட்டுப் போட யாரும் இல்லை. துண்டையும் பஞ்சையும் பிடுங்கி எறிந்துவிட்டு சிலேட்டில் பெரிதாக எழுதி அடுக்களைக்குள் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். பிரமு வாசித்தாள். அவரைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கை மூடியிருந்தவள் அதை எடுத்தாள். “ஆமா,” என்றாள் மெதுவாக. “இப்பத்தான் கீழ ஆரம்பிச்சிருக்கா. சண்டைக்குப் போவோமான்னு நினைச்சிக்கிட்டிருந்தேன். நீங்க எப்படி...” கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லா வறுக்கட்டும். தினமும் வறுக்கட்டும்.”

ஆனால் அது போய்விட்டது. நயினார் உறிஞ்சினார், இல்லை. ஜன்னலோரம் போய் நின்றார், இல்லை. பிரமுவுக்கு இன்னும் அடிக்கிறதாம், தலை வலிக்கிற அளவுக்கு அடிக்கிறதாம். அவருக்கு இல்லை. வந்தது உண்மை, நிற்காததும் உண்மை. விருந்தாளி வந்தார் என்று சொல்லலாம், வீட்டில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. ஏன் அப்போது வந்தது, ஏன் இப்போது இல்லை. போனை நிமிர்த்தினார். ஆவுடைச்செல்வியின் கேள்விக்குக் கீழே ஜெரால்டு காலையிலேயே எதையோ போட்டிருந்தார். ‘படித்தது’ என்ற முதல் வார்த்தையைப் பார்த்ததுமே கோபத்தில் நயினார் தள்ளிவிட்டிருந்தார். இன்னொரு மறுப்பு என்று நினைத்து. இப்போது திறந்தார். இங்கிலீஷ். போனைத் தமிழாக்கச் சொன்னார். அது தனக்குத் தெரிந்த தமிழில் கொட்டியது. குரல்வளை நீக்கப்பட்ட நபர்கள் வாசனை உணர்வை மீட்க ஒரு பயிற்சி. அதன் பெயர், மரியாதையான கொட்டாவி. உதடுகளை மூடிய நிலையில் கொட்டாவி விடுவதைப் போல் தாடையையும் நாக்கின் அடியையும் கீழே இறக்க வேண்டும். அப்போது வாய்க்குள் இடம் உண்டாகி மூக்கு வழியே காற்று இழுக்கப்படுகிறது. சிலருக்குப் பலன் தெரிகிறது. நயினார் இரண்டாம் முறை வாசித்தார். மரியாதையான கொட்டாவி. நாலாம் வகுப்பில் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டதற்கு வாத்தியார் உதட்டிலேயே பிரம்பால் தட்டினார். அன்றைக்கு மூடியதுதான் வாய். அப்புறம் பஸ்ஸில் அத்தனை ஜனத்துக்கு முன்னால் எப்படித் திறப்பது. காலட்சேபத்தில் எப்படித் திறப்பது. பிச்சிப்பூ வந்த மத்தியானம், கற்பூரம் வந்த சாயங்காலம், பெருங்காயம் வந்த மழைக் காலை, எல்லாம் தூக்கக் கலக்கம், எல்லாம் மூடிய வாய்க்குள் விட்ட கொட்டாவி. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லத் தெரியவில்லை. எவனோ ஒரு தூர தேசத்தில் அதை எழுதி வைத்திருக்கிறான். தாடையை இறக்கிப் பார்த்தார். வந்தது. லேசாக, கதவிடுக்கு வழியாக வருகிற மாதிரி, ஆனால் வந்தது.

பதில் எழுதுவதற்குள் மூன்று தடவை அழித்தார். ‘பட்டது. என் உடம்பு. படித்ததும் உண்டு, ஜெரால்டு சார் மேலே கொடுத்திருக்கிறார், அதையும் பார்க்கவும். வாசனை தெரியும். எப்போதும் தெரியாது. மூச்சு விட்டால் தெரியாது, வாயை மூடிக் கொட்டாவி விட வேண்டும். பலமான வாசனை வரும். மெல்லியது வருமா என்று எனக்குத் தெரியாது.’ அனுப்பிவிட்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்டதற்கு இத்தனை வார்த்தை. ஆமாம் என்று மட்டும் போட்டிருக்கலாமோ. இப்போது அந்த மனுஷன் ‘தெரியாது’ என்பதைத்தான் பிடித்துக்கொள்வார். அழித்துவிடலாமா. போன் துடித்தது. ‘ஐயா, அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எழுத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆளைக் காட்டு என்கிறார். வீடியோவில் கொஞ்சம் வர முடியுமா?’ நயினார் போனைக் கவிழ்த்தார். ஆளைக் காட்டு. துணியையும் துவாரத்தையும் காட்டு. மாவு மில்லைக் காட்டு. சிலேட்டை எழுதிக் காட்டினால் போதாதா. அதுவும் எழுத்துத்தானே என்பாரே. பிரமு போனை எடுத்து வாசித்தாள். உள்ளே போனாள். பீரோ கதவு கிரீச்சிடுவது கேட்டது. கருவியைத் துடைத்து அவர் மடியில் வைத்தாள். “பிள்ளை அழுதுதுன்னு மூட்டை கட்டி வச்சிய. இவரு பிள்ளையா? பேசுங்க.”

திரையில் முதலில் ஒரு நடுத்தர வயதுப் பெண், அப்புறம் போன் ஆடி ஒரு கிழவரின் முகம். பட்டை விபூதி, அகலமான மூக்கு. அந்த மூக்கைப் பார்த்ததும் நயினார் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். குற்றாலம் கொஞ்ச நேரம் துணியைப் பார்த்தார், அப்புறம் கண்ணைப் பார்த்தார். உடைந்த ஓட்டால் மண்ணைச் சுரண்டுகிற மாதிரி ஒரு குரல். “அண்ணாச்சி, வணக்கம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இப்ப அங்க என்ன வாசம்?”

நயினார் உதட்டை மூடித் தாடையை இறக்கினார். இன்னொரு தடவை இறக்கினார். கருவியைக் கழுத்தில் அழுத்தினார். “க-ரு-வா-டு.”

மாவு மில் ஓடி நின்றது. அந்தப் பக்கம் பெண் திடுக்கிட்டது தெரிந்தது. கிழவர் திடுக்கிடவில்லை. “பேரு நயினார்ங்காவ. சைவத்து வீட்டுல கருவாடா?”

“கீழ் வீட்டுல.”

“என்ன கருவாடு?”

நயினார் பிரமுவைப் பார்த்தார். அவளுக்கு மட்டும் என்ன தெரியும். நெத்திலி என்று சொல்லலாம். சாளை என்று சொல்லலாம். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள். ஒரு பெயர் சொன்னால் அந்தப் பெண்ணின் முகத்தில் இருக்கிற இருட்டு விலகிவிடும், ஒரு பெயர். கருவியை அழுத்தினார். “தெரியலை.”

கிழவரிடமிருந்து தொண்டையைச் சொறிகிற ஒரு சத்தம் வந்தது, சிரிப்பு அது. “ஏட்டி ஆவுடை, பாத்தியா? பொய் சொல்ல வந்தவன்னா ஒரு மீன் பேரு சொல்லியிருப்பான்.” மறுபடி முகம் திரைக்குக் கிட்டே வந்தது, மூக்கே முழுத்திரையாக. சிரிப்பு இல்லை இப்போது. “அப்ப உப்பு? ஆவியில உப்புத் தெரியுமா அண்ணாச்சி?”

இதுதான் கேள்வி. காலையிலிருந்து இதைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார், கிட்டே போகாமல். “எனக்கு முன்னமே ஆவியில உப்புத் தெரிஞ்சிருந்தாத்தானே,” என்றது மாவு மில். “இப்ப தெரியுதா இல்லையான்னு சொல்ல. தெரியாது.”

அந்தப் பக்கம் காக்கை கத்தியது. யாரோ வாளியைக் கீழே வைத்தார்கள். குற்றாலம் விரலால் மூக்கின் நுனியை ஒரு தடவை தடவிக்கொண்டார். அப்புறம் கண்ணையும் உதட்டையும் மூடினார். தாடை மெள்ளக் கீழே இறங்கியது. நயினார் செய்ததை அப்படியே பார்த்து வைத்திருந்திருக்கிறார். ஒரு தடவை, இன்னொரு தடவை. கண்ணைத் திறந்தார்.

“உப்பை நான் பாத்துக்கிடுதேன்” என்றார். “ஆவுடை, பையை எடுத்து வை.”

திரை அணைந்த பிறகும் நயினார் கருவியைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. நாளைக்குக் காலை அட்மிட். கத்தி. பிறகு ஒரு கரண்டி சாம்பார். வராமல் போனால்? சிலருக்குப் பலன் தெரிகிறது என்றுதான் எழுதியிருந்தது, சிலருக்கு. பிரமு தட்டை வைத்துச் சோறு போட்டு ரசம் ஊற்றினாள். ஆவி எழும்பியதைக் கண் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டார்.